துலாக்கோலின் முள்: வங்காள நீதிமன்ற நாவல் பற்றிய ஓர் ஆய்வு

துப்பறியும் நாவலை இலக்கியத் திறனாய்வின் பந்தியில் அமர்த்துவதற்கு நம்மவர் பலருக்கு இன்னும் மனம் வருவதில்லை. இரயில் பயணத்தில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுச் செல்லத்தக்க நூல் என்பதே அதன்மேல் உள்ள பொதுக் கருத்து. ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் எவ்வகைக் கதையை விரும்பிப் படிக்கிறது என்பதைக் கொண்டு, அக்கூட்டம் எதற்காக ஏங்குகிறது என்பதை ஓரளவு அறியலாம். நாம் வாழும் இக்கொல்கத்தா மாநகரில் அரை நூற்றாண்டாகப் படிக்கப்பட்டு வரும் நீதிமன்றக் குற்றநாவல் தொடர் ஒன்று உண்டு. அதன் கவர்ச்சி யாது, அக்கவர்ச்சிக்குள் மறைந்துள்ள குறை யாது என்னும் இரண்டையும் தமிழ் வாசகர் முன் வைத்து எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தொடரின் ஆசிரியர் நாராயண் சான்யால் (1924–2005). அவர் படைத்த வழக்கறிஞர், பாரிஸ்டர் பி. கே. பாசு.

ஆசிரியரும் தொடரும்

சான்யால் சிவபூர் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். கட்டடப் பொறியாளராகப் பணிபுரிந்தவர். அஜந்தாவைப் பற்றி அவர் எழுதிய 'அபரூப அஜந்தா' 1969ஆம் ஆண்டின் இரவீந்திர பரிசைப் பெற்றது. அணுகுண்டு செய்யப்பட்ட வரலாற்றை 'விசுவாசகாதக்' என்னும் நூலாக எழுதினார். இவ்வாறு பல துறைகளில் எழுதிய ஒருவர், குற்றக்கதையை இழிவென்று ஒதுக்காமல் கையில் எடுத்தார் என்பது நோக்கத்தக்கது. தமிழிலும் இதற்கு ஓர் இணை உண்டு. கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர் இருவரைப் படைத்த சுஜாதாவும் தொழிலால் பொறியாளரே. எந்திரத்தையும் கட்டடத்தையும் அறிந்த கை, கதையின் மூட்டுகளையும் பிசகின்றிப் பொருத்துகிறது போலும்.

பாசு முதலில் தோன்றியது 'நாகசம்பா' என்னும் நாவலில். அது 1974இல் 'ஜதி ஜான்தெம்' என்னும் திரைப்படமாயிற்று. பாரிஸ்டராக உத்தம்குமார் நடித்தார். அதன்பின் வந்த நாவல்களின் பெயர்களிலெல்லாம் 'காட்டா' என்னும் சொல் வரும். வங்காளிகள் இதனைச் சற்றே மூக்கொலியோடு உச்சரிப்பர். அதற்கு முள் என்பது பொருள். 'சோனார் காட்டா' பொன்முள். 'மாச்சேர் காட்டா' மீன்முள். 'பதேர் காட்டா' வழியில் கிடக்கும் முள். 'கோடிர் காட்டா' கடிகார முள். தமிழ் வாசகர்க்கு இப்பெயர்களை மொழிபெயர்ப்பதில் இடர் ஏதும் இல்லை. மீனுக்கும் கடிகாரத்துக்கும் வழிக்கும் நாமும் முள் என்றே வழங்குகிறோம். கம்பளி பின்னும் ஊசியைக் குறிக்கும் 'உலேர் காட்டா'வுக்கு மட்டுமே வேறு சொல் தேட வேண்டும். துலாக்கோலுக்கும் நம் மொழியில் முள் உண்டு. அந்த முள்ளைப் பற்றி முடிவில் பேசுவோம்.

பாசு தனியாள் அல்லர். நியூ அலிப்பூரில் அவருக்கு ஓர் இல்லம் உண்டு. அவர் மனைவி இராணி, ஒரு விபத்தில் மகளைப் பறிகொடுத்து, நடக்கும் ஆற்றலையும் இழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே இல்லத்தையும் அலுவலையும் நடத்துபவர். கௌசிக், சுஜாதா என்னும் இளந்தம்பதியர் தம் இருவர் பெயரையும் கோத்துச் 'சுகௌசலி' என்னும் துப்பறியும் நிலையத்தை நடத்துகின்றனர். மகளை இழந்த வீட்டில் வேறிருவர் மக்களைப் போல் வந்து சேர்கின்றனர். கொலையும் விசாரணையும் நிறைந்த கதைக்குள் ஒரு குடும்பத்தின் ஆறாத் துயரம் மெல்லிய இழையாக ஓடுவது இத்தொடரின் தனிச்சிறப்பு எனலாம்.

தழுவலும் தனித்தன்மையும்

பாசுவின் மூலவர் யார் என்பதைச் சான்யால் மறைத்தாரில்லை. அமெரிக்க எழுத்தாளர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் 1933 முதல் எழுதிய பெரி மேசன் நாவல்களே இத்தொடருக்கு மாதிரி. அகதா கிறிஸ்டிக்கும் கடன் உண்டு. 'அ-ஆ-க-குனேர் காட்டா' என்ற பெயரே ஆங்கில அகரவரிசைக் கொலைகளைப் பற்றிய கிறிஸ்டியின் நாவலை நினைவூட்டும். 'சாரமேய கெண்டுகேர் காட்டா' என்ற பெயரில் உள்ள நாயும் பந்தும் அவருடைய மற்றொரு நாவலிலிருந்து வந்தவை. ஆசிரியரே முன்னுரைகளில் இக்கடன்களை ஒப்புக்கொள்கிறார்.

இதைக் கொண்டு இத்தொடரைப் புறந்தள்ளுவது முறையாகாது. நம் மொழியில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேனாட்டுக் கதைகளைத் தழுவியே ஒரு தலைமுறைக்குப் படிக்கும் பழக்கத்தை ஊட்டினர். தழுவலில் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே. வந்த விதை இம்மண்ணில் வேரூன்றியதா? சான்யாலிடத்தில் அது ஊன்றியது என்றே நாம் கருதுகிறோம். மேசன் நாவல்களில் அவருடைய இல்லத்தைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு. பாசுவுக்கோ உணவு மேசையும், கடிந்து கொள்ளும் மனைவியும், ஓயாத சிறு பூசல்களும் உண்டு. வழக்கின் சிக்கல் அவ்வீட்டுப் பேச்சின் நடுவே அவிழ்கிறது. வங்காளியின் 'அட்டா' என்னும் உரையாடற் சுவை அதில் தோய்ந்திருக்கிறது.

வாசகரைப் பிணிப்பது யாது?

வங்காளத்தில் குற்றக்கதைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கல்கத்தாக் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்த பிரியநாத் முகோபாத்தியாய் 1892 முதல் 'தாரோகார் தப்தர்' என்னும் வரிசையை வெளியிட்டார். சரதிந்து பந்தோபாத்தியாயின் வியோம்கேசர் 1932இலும், சத்யஜித் ராயின் பெலூதா 1965இலும் தோன்றினர். இவர்களின் கதைகள் பெரும்பாலும் ஒரு வீட்டுக் கூடத்தில் முடியும். துப்பறிவாளர் பேசுவார்; மற்றவர் கேட்பர். அவர் மெய் என்றால் மெய்.

பாசுவின் கதை நீதிமன்றத்தை நோக்கிச் செல்கையில் நிலைமை மாறிவிடுகிறது. (தொடரின் எல்லா நாவல்களும் நீதிமன்றத்தில் நிகழ்வன அல்ல. மன்றம் வரும் நாவல்களைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.) பாசு எவ்வளவு அறிந்தவராயினும், அறிந்ததை அவர் தாமே சொல்லிவிட முடியாது. சாட்சியின் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். எதிரே அரசு வழக்கறிஞர் தடை சொல்லக் காத்திருப்பார். மேலே நீதிபதி அமர்ந்திருப்பார். வினாவாகவே பேச வேண்டும் என்னும் இக்கட்டுப்பாட்டில்தான் நீதிமன்ற நாவலின் உயிர் இருக்கிறது. வெண்பாவுக்குத் தளை எப்படியோ, இவ்வகை நாவலுக்குக் குறுக்கு விசாரணை அப்படி.

இரண்டாவது ஈர்ப்பு, காலத்தைப் பற்றியது. வழக்கு மன்றப் படி ஏறிய எவரும் 'வாய்தா' என்னும் சொல்லின் கசப்பை அறிவர். நீதிபதி விடுப்பு, சாட்சி வரவில்லை, கேஸ்கட்டு வரவில்லை என்று நாள் தள்ளிப்போகும். தந்தை தொடுத்த வழக்கை மகன் நடத்துவது நம் நாட்டில் கதையன்று. நாவலிலோ கேட்ட வினாவுக்கு அன்றே விடை கிடைக்கிறது. அன்றைக்கே பொய் உடைகிறது. வாசகர் வாங்கும் நூலின் விலையில் பாதி, இவ்விரைவுக்கே என்று சொல்லலாம்.

மூன்றாவது ஈர்ப்பு, வாசகர் வகிக்கும் இடம். ஆங்கிலேயர் காலத்திலிருந்து பெரிய வழக்குகளில் ஜூரிகள் அமர்ந்து, கேட்டதைக் கொண்டு குற்றம் உண்டு இல்லை என்று சொல்லும் முறை இந்நகரில் இருந்தது. அம்முறை மாசற்றதாக இருந்ததில்லை. 1775இல் மகாராஜா நந்தகுமாரைப் பொய்ப்பத்திர வழக்கில் குற்றவாளி என்று சொல்லித் தூக்குமரத்துக்கு அனுப்பியவர்கள் இந்நகரின் ஐரோப்பிய ஜூரர்களே. பின்னர் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரிக்கு இடமே வைக்கவில்லை. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 1974ஆம் ஆண்டும், பாசுவின் தொடர் வளரத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு உண்டென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மெய்யான மன்றத்தில் குடிமக்களுக்கு இல்லாத இருக்கையை நாவல் அவர்களுக்கு அளித்தது என்பதில் ஐயமில்லை. படிப்பவர் ஒவ்வொருவரும் ஜூரராக அமர்ந்து, சாட்சியின் முகத்தைக் கூர்ந்து பார்த்து, தாமே தீர்ப்புச் சொல்கிறார்.

வெளிப்படையான வினா, உடனடியான முடிவு, வாசகர்க்கு ஓர் இருக்கை. இம்மூன்றும் சேர்ந்ததே இத்தொடரின் கவர்ச்சி. இவை மலிவான சுவைகள் அல்ல. தம் சொல்லையும் ஒருவர் முழுமையாகக் கேட்க வேண்டும் என்னும் எளிய மனிதரின் வேட்கை இவற்றின் அடியில் இருக்கிறது.

மாற்றாள் தேடும் நீதி

இனிக் குறைக்கு வருவோம். மேசன் நாவல்கள் வகுத்துக் கொடுத்த கட்டமைப்பில், வழக்கறிஞர் தம் கட்சிக்காரர் குற்றமற்றவர் என்று காட்டினால் மட்டும் போதாது. உண்மையில் கொலை செய்தவர் யார் என்பதையும் அதே மன்றத்தில், எல்லார் முன்னிலையிலும் காட்ட வேண்டும். கூண்டிலிருந்து ஒருவர் இறங்க வேண்டுமானால் இன்னொருவர் ஏறியாக வேண்டும். பாசுவும் இவ்வழியிலேயே செல்கிறார். கதைச்சுவைக்கு இது இன்றியமையாதது போல் தோன்றும்.

சட்டம் இதைக் கேட்பதில்லை. 1872இல் கல்கத்தா தலைநகராக இருந்த நாளில், பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த இந்தியச் சான்றுச் சட்டம் நிறைவேறியது. 2024 ஜூலை முதல் நாளன்று அதன் இடத்துக்குப் புதிய சான்றுச் சட்டம் வந்துவிட்டது. எனினும், குற்றம் சாட்டுபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை. நியாயமான ஐயம் எஞ்சினால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை பெறுவார். 'நீ செய்யவில்லையென்றால் யார் செய்தார்?' என்ற வினாவுக்கு விடை சொல்லும் கடமை அவருக்கு இல்லை.

இந்நகரின் புகழ்பெற்ற வழக்கு ஒன்றே இதற்குச் சான்று. 1908இல் தொடங்கிய அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காகச் சித்தரஞ்சன் தாஸ் வாதாடினார். அப்ரூவராக மாறிய நரேன் கோஸ்வாமி சிறைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். குறுக்கு விசாரணைக்கு உட்படாத அவர் வாக்குமூலம் மன்றத்தில் நிற்கவில்லை. 1909 மே மாதத்தில் நீதிபதி பீச்கிராப்ட் அரவிந்தரை விடுவித்தார். தாஸ் வேறொருவரைச் சுட்டிக்காட்டி அவரை மீட்கவில்லை. சான்று போதாது என்று காட்டி மீட்டார். மறுவருடம் அரவிந்தர் நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். மாற்றாள் கேட்கும் நீதி அன்று நடந்திருக்குமாயின், புதுச்சேரி அவரைக் கண்டிருக்காது.

இது நுட்பமான சட்டப் பேச்சு, நாவலுக்கு இது எதற்கு என்று சிலர் வினவலாம். நாவல் வாசகரின் உள்ளத்தைப் பழக்குகிறது. நூறு கதைகளில் மாற்றாளைக் கண்டபின்பே விடுதலையைக் கண்ட உள்ளம், மாற்றாள் இல்லாத விடுதலையை நம்ப மறுக்கிறது. சான்று போதாமையால் விடுவிக்கப்பட்ட ஒருவர் தம் தெருவுக்குத் திரும்புகையில், 'தப்பித்துக்கொண்டான்' என்று அயலார் சொல்வது இதனால்தான். அவருக்கு வாடகைக்கு வீடு தர அஞ்சுகிறோம். அவர் வீட்டில் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். மன்றம் திறந்துவிட்ட கதவை ஊர் சாத்திவிடுகிறது. நாவல் இப்பழியைத் தானே உண்டாக்கவில்லை. ஆனால், அதற்கு எதிராக ஒரு சொல்லும் சொல்லாமல் அதனோடு ஒத்துப்போகிறது. இதுவே நாம் காணும் குறை.

கார்ட்னரின் வாழ்க்கையே இதனை உணர்த்தும். அவர் 1948 முதல் வேறு சிலருடன் சேர்ந்து, தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மீண்டும் ஆராயும் பணியில் இறங்கினார். மேசன் ஓர் அமர்வில் முடித்ததை, அவரைப் படைத்தவர் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பன்னாள் பாடுபட்டுச் செய்ய வேண்டியிருந்தது. கதையின் எளிமைக்கும் உண்மையின் கடுமைக்கும் உள்ள தொலைவை அவரினும் நன்கு அறிந்தவர் எவர்?

பங்கிமரும் இளங்கோவும்

குற்றவாளியைக் கூண்டில் ஏற்றிச் சுபம் போடாவிட்டால் நாவல் சுவைக்காது என்பாருக்கு வங்கமே விடை வைத்திருக்கிறது. பங்கிம் சந்திரரின் 'கிருஷ்ணகாந்தேர் உயில்' 1878இல் நூலாக வந்தது. உயில் மாற்றமும் கொலையும் விசாரணையும் உள்ள கதை அது. கோவிந்தலால் ரோகிணியைச் சுட்டுக் கொன்றதை வாசகர் நேரில் கண்டிருக்கிறார். வழக்கு ஜெசூரில் நடக்கிறது. காவல்துறை சாட்சிகளை அச்சுறுத்திச் சேர்த்திருக்கிறது. கோவிந்தலாலின் மாமனார் பணத்தைக் கொடுத்து அவர்களைப் பிறழச் செய்கிறார். அடித்துச் சொல்ல வைத்தார்கள் என்று சாட்சிகள் மன்றத்தில் கூற, குற்றவாளி விடுதலை பெறுகிறான். விடுதலை அவனுக்கு ஒரு நலனையும் தரவில்லை. பிரமர் என்னும் நன்மனைவியை அவன் இழந்தே போகிறான்.

பங்கிமர் துணை நீதித்துறை நடுவராகப் பணியாற்றியவர். 1858இல் அவர் முதலில் அமர்ந்த ஊர் அதே ஜெசூர். இரு பக்கத்துச் சாட்சிகளும் எப்படிச் செய்யப்படுகின்றனர் என்பதை மேசைக்கு இப்புறம் இருந்து பார்த்த கண் அது. மன்றம் என்ன செய்யும், என்ன செய்ய இயலாது என்பதை அவர் மயக்கமின்றி எழுதினார். வாசகர் அந்நூலை வெறுத்துவிடவில்லை. இன்றும் படிக்கின்றனர்.

நம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இவ்வொளியில் மீண்டும் பார்த்தால் ஒன்று புலப்படும். கொலை நடந்துவிட்டது, தண்டித்தவன் அரசன், வாதாட வந்தவள் கணவனை இழந்த பெண். கண்ணகி பாண்டியன் முன் நிறுவியது ஒன்றே: தன் கணவன் கள்வன் அல்லன். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள்; அரசி சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு அங்கே முடிந்தது. உண்மையான கள்வனை அவள் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. 'அப்படியாயின் அரசியின் சிலம்பு எங்கே?' என்று பாண்டியனும் கேட்கவில்லை. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பியது தன் பிழை என்று உணர்ந்த அக்கணத்தில் உயிர் துறக்கிறான். குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்கப்பட்டவனுக்கு அதுவே போதுமான தீர்ப்பு என்பதை இளங்கோவடிகள் காட்டிவிட்டார். இன்றைய நீதிமன்ற நாவல் கேட்கும் மாற்றாளை அவர் கேட்கவில்லை. அதனால் அக்காட்சியின் விறுவிறுப்புச் சிறிதும் குறையவில்லை.

முடிபுரை

இவ்வளவும் கூறியது சான்யாலின் நூல்களை வாசகர் கையிலிருந்து பறிப்பதற்கன்று. வங்காளி படிக்கத் தெரிந்த நம்மவர், 'காட்டாய் காட்டாய்' என்னும் தொகுதிகளைக் கல்லூரித் தெருவில் வாங்கிப் படிக்கலாம்; தெரியாதோர் இதன் பொருட்டேனும் அம்மொழியைக் கற்கலாம். குறுக்கு விசாரணையின் இன்பத்தையும், சக்கர நாற்காலியில் இருக்கும் இராணியின் அமைதியையும் அங்கே கண்டு மகிழலாம். தமிழிலும் இத்தகைய நீதிமன்ற நாவல்கள் மிகுதியாக வர வேண்டும் என்பதே நம் விருப்பம். நம் வழக்கறிஞர்கள் பலர் நல்ல தமிழ் அறிந்தவர்கள். அவர்கள் நாள்தோறும் காணும் மன்றத்தை எழுத முன்வருவார்களாயின் பயன் விளையும்.

எழுத வருவோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. கொலைசெய்தவர் யார் என்பது தெரியாமலே, குற்றமற்றவர் ஒருவர் தலைநிமிர்ந்து வெளியேறும் நாவல் ஒன்றை எழுதுங்கள். அவர் ஊர் திரும்பிய பின் என்ன நேர்ந்தது என்பதையும் எழுதுங்கள். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறினார். துலாக்கோலின் முள் நேரே நிற்பதற்கு இரு தட்டும் சமமானால் போதும். ஒருவரை இறக்கிய தட்டில் வேறொருவரைத் தேடி ஏற்றவேண்டிய தேவை அதற்கில்லை.